அக்காவின் அளவுக்கு

சென்ற ஆண்டு நவம்பர் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி முப்பத்தெட்டு நிமிடத்திற்கு, கிள்ளானில் தம் மகள் வீட்டில் அக்கா காலமானார். சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. அது இரண்டு நிமிடம் முந்தி ஓடும். வானம் மூடியிருந்தது, மழை இல்லை, ஒரே புழுக்கம். இரங்கல் அறிவிப்பில் பத்தே முக்கால் என்று அச்சாகிவிட்டது. ஏழு நிமிடத்தில் திதி மாறிவிடாது என்று ஐயர் சொன்னார். எனக்கு மனம் ஆறவில்லை. ஆகவே முதலில் அதை இங்கே திருத்திவிடுகிறேன்.

அக்கா பிறந்தது கிள்ளானை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில். மரம் சீவிக்கொண்டிருந்த அப்பா திடீரென்று மறைந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. அக்காவின் படிப்பு அதோடு நின்றது. தையல் கற்றுக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். ஒரு துணிக்கடையின் வாசல் நடையில் தையல் இயந்திரத்தைப் போட்டு ரவிக்கை தைக்கத் தொடங்கியவர், பின்னாளில் அதே வரிசையில் சொந்தமாக ஒரு சிறு கடை வைத்தார். நான் ஐந்தாம் படிவம் முடித்து ரயில்வேயில் நேரக் குறிப்பாளராகச் சேர்ந்தது அந்த இயந்திரம் ஓடியதால்தான். அத்தான் இளம் வயதிலேயே போய்விட்ட பிறகு அவர்களின் ஒரே மகளைப் பட்டதாரி ஆக்கியதும் அதே இயந்திரம்தான்.

அக்கா கோபக்காரர் அல்லர். ஆனால் அளவு விஷயத்தில் யாரையும் விடமாட்டார். தீபாவளி நெருக்கத்தில் ஒரு பெண் வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுத்தார். ஒல்லியாகக் காட்டிக்கொள்ள ஆசை. அக்கா நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு காத்து நின்றார். அந்தப் பெண்ணால் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியும்?

“மூச்ச விடும்மா. சட்டதான் உனக்கு. சட்டைக்கு நீ இல்ல.”

எழுபத்தாறாம் வயதில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. பேச்சு போகவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முழங்கால் வலிக்கிறது என்றார். கடையில் மிஞ்சிய வெட்டுத்துணிகளை அடைத்துத் தாமே தைத்த ஒரு தலையணை அவரிடம் இருந்தது. அதைக் கேட்டார். மகள் எடுத்து இரண்டு முட்டிக்கும் அடியில் வைத்தாள். வலி குறைந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைத் தட்டி, உயர்த்தி, சரியாக வைத்துவிட்டுப் போனோம்.

மூன்று மாதத்தில் கால்கள் நீட்ட வரவில்லை. இடது கால்தான் வாதத்தில் போனது. வலது காலும் அதோடு சேர்ந்து மடங்கி நின்றுவிட்டது. இடது முழங்கை மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன.

சுபாங் ஜெயாவிலிருந்து இயன்முறைச் சிகிச்சை கொடுக்க ஒரு பெண் வாரம் இருமுறை வந்தார். போர்வையை விலக்கிப் பார்த்த உடனே அவர் கை அந்தத் தலையணைக்குத்தான் போனது.

“இது பாட்டிக்குச் சுகமாத்தான் இருக்கும் அங்கிள். ஆனா இதுதான் காலப் புடிச்சு வச்சிருக்கு.”

அவர் விளக்கியதை எழுதுகிறேன். படிப்பவர்களில் யார் வீட்டிலாவது ஒருவர் படுக்கையில் இருக்கலாம். மடங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் கிடக்கும் தசை, அந்தக் குறுகிய நீளத்திலேயே இறுகிவிடுகிறது. பிறகு தசைநாரும், மூட்டைச் சுற்றியுள்ள உறையும் இறுகுகின்றன. பக்கவாதத்தில் தசை தானாகவே விறைப்பதால் இது இன்னும் வேகமாக நடக்கும். தீக்காயத் தழும்பும், வெகுநாள் மாவுக்கட்டில் அசையாமல் கிடப்பதும்கூட இப்படிச் செய்யும். தொடக்கத்திலேயே மூட்டுகளை நாள்தோறும் மெல்ல அசைத்து, படுக்கும் நிலையை மாற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் தடுக்கலாம். இறுகிய பின் மெதுவாக நீட்டிப் பிடிப்பது, தாங்கு பட்டை கட்டுவது, சிறிது சிறிதாக நிமிர்த்தி மாவுக்கட்டை மாற்றிப் போடுவது, விறைப்பைத் தளர்த்தும் ஊசி என்று வழிகள் உண்டு. கடைசி வழி அறுவை. அக்காவின் இருதயம் மயக்க மருந்தைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

தலையணையைப் பறிக்கும் வேலை என்னுடையது ஆயிற்று. அக்காவின் மகளுக்கு மனம் வரவில்லை. நான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பள்ளிக்கூடக் கோணமானியால் முட்டியை அளந்தேன். மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட்டதில் எழுபது பாகை மடக்கம் ஐம்பதுக்கு வந்தது. மறுவாரம் ஐம்பத்திரண்டு. இரண்டு பாகை பின்வாங்கிவிட்டதே என்று மறுபடியும் மறுபடியும் அளந்தேன்.

“இவன் ரயில்வேல வேல பாத்தான்னு நெனச்சேன்,” என்றார் அக்கா மகளிடம். “ஜெயில்ல பாத்திருக்கான் போலருக்கு. ஒரு தலகாணிக்குப் பூட்டு போடுறான்.”

இதற்கிடையே உறவினர்கள் நல்லெண்ணத்தோடு ஒரு நாட்டு வைத்தியரை அழைத்து வந்தார்கள். அவர் எண்ணெய் போட்டு உருவினார். பிறகு ஒரே இழுப்பில் நிமிர்த்திவிடலாம் என்று முட்டியை அழுத்திக் குதிகாலை இழுத்தார். அக்கா கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வேலியோரம் வந்து நின்றார். முட்டி வீங்கி, கட்டியதெல்லாம் பாழாயிற்று. கோணம் எழுபதையும் தாண்டியது. அன்று மாலை அக்கா நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இனிமே எவனையும் என் காலப் புடிச்சு இழுக்க விடாதடா.”

“விடமாட்டேங்க்கா.”

“எப்பவும்.”

“எப்பவும் விடமாட்டேன்.”

அந்த வாக்கு அவர் இருக்கும் வரைக்கும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

அக்கா காலமான அன்று பகல் ஒரு மணிக்குப் பெட்டி வந்தது. அக்காவைக் கிடத்தினார்கள். முட்டிகள் பெட்டியின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் நின்றன. மூடி உட்காராது. ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர் நெடுங்காலம் தொழிலில் இருப்பவர். என்னைத் தனியே அழைத்துக் கனிவாகத்தான் சொன்னார்.

“அங்கிள், ரெண்டு பேர் முட்டிய அமுக்குனா நிமிந்துரும். கொஞ்சம் சத்தம் கேக்கும், அவ்வளவுதான். நீங்க வெளிய நில்லுங்களே.”

பண்டமாரானிலிருந்து வந்திருந்த என் மாமன் மகனும் அதையே சொன்னார். கால் நீட்டி, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி அனுப்புவதுதானே முறை? “அவங்களுக்கு இனிமே வலிக்கவா போகுது மச்சான்?” அவர் சொன்னதில் தவறு இல்லை. வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். மறுநாள் பத்து மணிக்கு மின்சுடலை பதிவாகியிருந்தது. ஆட்கள் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

“யாரும் தொடாதீங்க,” என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “இழுக்க விடமாட்டேன்னு சொல்லிருக்கேன்.”

அக்காவின் மகள் எழுந்து உள்ளே போனாள். அக்காவின் அளவு நாடாவோடு வந்து ஏற்பாட்டாளரிடம் நீட்டினாள்.

“அம்மாவுக்கு அளவு எடுங்கண்ணே.”

அவர் நாடாவை வாங்கினார். பிறகு குனிந்து, பெட்டியின் அடித்தளத்திலிருந்து முட்டி வரை அளந்தார். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சீனத் தவுக்கே, பட்டறை முதலாளி, பெட்டி செய்கிறார். சீனர்களின் பெட்டி ஆழமானது, மூடியும் வளைந்து உயர்ந்திருக்கும். ஏற்பாட்டாளர் அவரைத் தொலைபேசியில் அழைத்து மலாயில் பேசினார். சீனர் பெட்டியிலா என்று ஓர் ஓரத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மாமன் மகனே அதை அடக்கினார்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலையில் நெரிசல் என்றார்கள். அளவு தவறியிருந்தால்? லோரி வழி தெரியாமல் வேறு குடியிருப்புத் தாமானுக்குப் போயிருந்தால்? குடையோடு கேட்டருகே நின்றேன். நாலு ஐம்பதுக்கு லோரி வந்தது. அக்கா படுக்கையில் எப்படிக் கிடந்தாரோ அப்படியே அந்தப் பெட்டிக்குள் படுத்தார். கட்டைவிரல்களை மாமன் மகன்தான் கட்டினார். மடங்கிய காலிலும் அதைக் கட்டலாம். மூடியை வைத்துப் பார்த்தார்கள். முட்டிக்கு மேல் நாலு விரல் இடம் இருந்தது.

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அலமாரியைத் திறந்து தலையணையை எடுத்து வந்தேன்.

“இப்ப வைக்கலாமா மாமா?” என்று கேட்டாள் மகள்.

“வைக்கலாம்மா.”

வைத்தேன். ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததால் தட்டிச் சரிசெய்தேன்.

அக்காவுக்குக் கடைசிவரை செய்த மகளுக்கும் மருமகனுக்கும், சுபாங் ஜெயாவிலிருந்து மழையிலும் தவறாமல் வந்த அந்தப் பெண்ணுக்கும், தம் சொல்லை விட்டுக்கொடுத்து முன்னின்ற மாமன் மகனுக்கும், ஏற்பாட்டாளருக்கும், முகம் தெரியாத தவுக்கேவுக்கும், கேட்டைத் திறந்துவிட்டு லோரிக்கு இடம் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெட்டியின் விலையை மகள் பலமுறை கேட்டுவிட்டாள், நான் சொல்லவில்லை. காய்கறிக்கும் பேரம் பேசுகிறவன் இதற்கு வாய் திறக்கவில்லை என்று அக்கா அறிந்தால் சிரிப்பார். அவர் கேட்டால் மறைக்க முடியாது. லோரி வாடகை சேர்த்து, நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது வெள்ளி, அக்கா.