போர்வையின் மறுமுனை

தங்கை சலவைக்கடை வைத்த நாளிலிருந்து, பெரிய போர்வைகளை மடிக்கும்போது மறுமுனையைப் பிடிப்பவள் அக்காதான். மூலைகள் நூலளவு பிசகினாலும் பிரித்து மறுபடி மடிப்பாள். தங்கையோ யாருக்காவது காய்ச்சல் என்று காதில் விழுந்தால் போதும், கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடுவாள். "ஊருக்கெல்லாம் இவ ஒருத்திதான்" என்று அக்கா திட்டுவாள். அதையே பக்கத்துக் கடையில் பெருமையாகவும் சொல்வாள்.

அந்தத் தங்கையும் தோற்ற இடம் ஒன்று இருந்தது. கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த டீச்சர், கணவர் இறந்தபின் வெளியே தலைகாட்டவில்லை. சபையிலிருந்து பழத்தோடு போனவர்களும் ஜெபிக்கப் போனவர்களும் வாசலோடு திரும்பினார்கள். தங்கை கொண்டுபோன சூப்புக்கும் கதவு ஒரு கை அகலம்தான் திறந்தது. "வெச்சுட்டுப் போம்மா." மறுநாள் பாத்திரம் மூடி திறக்காமலே வாசலில் இருந்தது.

"இப்படியே விட்டா அவங்க உள்ளேயே முடிஞ்சுடுவாங்கக்கா" என்று தங்கை கலங்கினாள்.

அந்த ஞாயிறு ஆராதனையில் கிணற்றடியில் இயேசு சந்தித்த சமாரியப் பெண்ணின் கதை வாசித்தார்கள். திரும்பி வரும் வழியில் அக்காதான் பேச்சைத் தொடங்க வேண்டியிருந்தது.

"என்னடி, வாய்க்கு லீவு விட்டுட்டியா?"

"அக்கா, கொடுக்க வந்தவர் இயேசு. ஆனா அவரே முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட தண்ணி கேட்டாரே! நாம எல்லாரும் டீச்சருக்குக் கொடுக்கவே போனோம். யாராவது எதையாவது கேட்டோமா?"

மறுநாள் அக்காவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. லாட்ஜ் போர்வைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. தங்கை அக்காவின் தோளைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள்.

"எனக்கு உயிர் போகுது, உனக்குச் சிரிப்பா?"

தங்கை அதற்குள் படியேறிவிட்டாள். அக்கா கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"டீச்சர், அக்காவுக்குக் கை தூக்க முடியல. சாயங்காலம் லாட்ஜ்காரர் வந்துடுவார். போர்வைக்கு மறுமுனை பிடிக்க ஆளில்ல. கொஞ்சம் வர்றீங்களா?"

அக்கா ஒரு படி ஏறி நின்றாள். தோள் வலிகூட மறந்துபோயிற்று. பிறகு, செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

டீச்சர் கோணலாகத்தான் பிடித்தார். "மூலை சேரலியே" என்பது அக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நீதான் ஆடிக்கிட்டே இருக்கே. நேரா நில்லு!" என்றார் டீச்சர், தங்கையிடம்.

"பள்ளிக்கூடத்துலயும் இதையேதான் சொன்னாங்க, டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார்.

அக்காவின் தோள் எப்போதோ சரியாகிவிட்டது. ஆனாலும் டீச்சர் இறங்கி வந்தால், அவள் ஒதுங்கித் தலையணை உறைகளை எடுத்துக்கொள்கிறாள். போர்வை மூலைகள் இன்றைக்கும் அரை விரல் பிசகுகின்றன. அவள் அவற்றைப் பிரித்து மடிப்பதில்லை.