கோட்டுத் துணி கொடுத்த பாய்

பி.ஏ. முடித்து இரண்டு வருஷமாகியும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. பேட்டிக்குப் போக நல்ல கோட்டு வேண்டுமென்று, தவணைக்குத் துணி விற்கும் ஒரு பாயிடம் என் கையாலேயே இங்கிலீஷில் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்துத் துணி வாங்கினேன். நான் கட்டாத தவணைக்காக மாதாமாதம் மயிலாப்பூரில் என் அறைக்கு எதிரே வந்து நிற்பார். நெட்டையான மனிதர், மருதாணிச் சிவப்பில் தாடி. கதவைத் தட்டமாட்டார், குடையை விரித்து மடக்கிக்கொண்டே இருப்பார். நான் கொல்லைப்புறமாக நழுவிவிடுவேன்.

ஒருநாள் குளக்கரையில் பிடித்துவிட்டார்.

"சாமி, இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி எழுதணும். நமக்கு சரக்கு குடுக்கற கம்பெனிக்கு பாக்கி கீது. தவணை கேக்கணும்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. என் எழுத்தைப் பார்த்துப் பொய்ப் பத்திரம் தயாரிக்கப் போகிறாரோ? எழுத்தை இடப்பக்கம் சாய்த்து, வேறு யாரோ எழுதியதுபோல எழுதிக் கொடுத்தேன்.

கடுதாசியை வெகுநேரம் பார்த்தார்.

"பத்திரத்துல வேற மாதிரி எழுதிகீறீங்களே சாமி. பயந்துட்டீங்களா? நானும் பயந்துக்கினுதான் கீறேன்."

கூலியாக நாலணாவை என் கையில் வைத்துவிட்டு நடந்தார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அவருக்குத் தவணை கிடைத்ததா, இல்லை அவரும் எங்கேயாவது கொல்லைப்புறமாக நழுவிவிட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. என் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்பதும் தெரியாது.