கூட்டம் தொடங்குமுன் எடுத்த படம்

சென்ற பிரதேச சபைத் தேர்தல் நேரம். மட்டக்களப்பிலிருந்து ஒரு பத்திரிகைக்குப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். பெரிய கட்சிக் கூட்டங்களில் எங்களைக் கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்திவிடுவார்கள். தங்கள் ஆட்கள் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதைத்தான் போட வேண்டும் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தன்னாமுனைக்கு அப்பால், வாவிக் கரையோரக் கிராமமொன்றில் சுயேச்சைக் குழுவில் போட்டியிட்ட ஒரு பெண் மட்டும் அப்படியில்லை. மீன் விற்றுப் பிழைப்பவர். எங்கே வேண்டுமானாலும் நின்று எடுங்கள் என்றுவிட்டார். அவருடைய முதல் கூட்டம் நான்கு மணிக்கு. எனக்கு அன்று நகரத்திலும் வேலை இருந்ததால் மூன்றே முக்காலுக்கே போய்விட்டேன். கதிரைகள் எல்லாம் காலி. தோணிகள் கரை சேர்ந்த பிறகுதான் அந்த ஊரில் சனம் கூடும். நானும் வாவிக் கரையில் பிறந்தவன்தான், எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் இரண்டு படம் எடுத்து, 'வெறிச்சோடிய கூட்டம்' என்று தலைப்பும் எழுதி அனுப்பிவிட்டுப் போனேன்.

மறுநாள் படம் பெரிதாக வந்தது. எதிர்த்தரப்பார் அதை முகநூலில் போட்டுச் சிரித்தார்கள். குழுவில் சிலர் மெல்லக் கழன்றுகொண்டார்கள். அந்தப் பெண்ணின் வீட்டாரும் இனி வாக்குக் கேட்டு வெளியே போகாதே என்றார்களாம்.

அடுத்த கூட்டத்துக்கும் பத்திரிகை என்னையே அனுப்பியது. வாசலிலேயே அவருடைய அண்ணன் மறித்து, கமராவைப் பிடுங்கப் பார்த்தார். அந்தப் பெண் ஓடி வந்தார்.

"விடுங்க அண்ணன், உள்ள வரட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கூட்டம் முடியுமட்டும் நிண்டு பாத்துட்டுப் போங்க. அது போதும்."

அந்தத் தலைப்பை எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும். படத்துக்குக் கீழ உங்கட பேர் கிடந்திச்சே."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் உடம்பு கூசிப்போனது.

நின்றேன். ஐந்தரைக்குப் பிறகு தோணிகள் வந்தன, சனம் வந்தது. கதிரை போதாமல் பெண்கள் மணலில் குந்தினார்கள். இறங்குதுறையை யார் திருத்தித் தருவது என்று ஒருத்தி எழுந்து உரக்கக் கேட்டாள். வேட்பாளர் தன் பேச்சை நிறுத்தி, அவளருகே போய்க் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதைத்தான் எடுத்தேன். முந்திய படம் கூட்டம் தொடங்குமுன் எடுக்கப்பட்டது, தவறு என்னுடையது என்று இரண்டு வரியும் சேர்த்து அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் முணுமுணுத்தார். ஆனாலும் அப்படியே போட்டார்.

அந்தப் பெண் வென்றுவிட்டார், மயிரிழையில். செய்தி கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் முதல் படத்தை இன்னும் நாலு பேர் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் நெஞ்சு பதறுகிறது. அந்த நாலு பேருக்காகவே இப்போதெல்லாம் கடைசி ஆள் எழுந்து போகும்வரை நிற்கிறேன்.