செவ்வாயை நகர்த்திய மேக்ரோ

புரோகிராம் எழுதுகிறவனுக்கு முதல் எதிரி, போன மாதம் அவனே எழுதிய வரிகள்தான். தொண்ணூறுகளில் திருநெல்வேலி ஜங்ஷனில், கம்ப்யூட்டர் ஜாதகம் கணிக்கும் கடையில் நான் பட்ட பாட்டை, இதே தொழிலில் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மூன்று மாத வம்பு

எங்கள் புரோகிராம் சி மொழியில் இருந்தது. ஒன்பது கிரகம், பன்னிரண்டு வீடு. ஒரே மாதிரி வரிகளைத் திரும்பத் திரும்ப அடித்து விரல் தேய்ந்தது. லிஸ்ப் என்கிற இன்னொரு கம்ப்யூட்டர் மொழியில் மேக்ரோ என்று ஒன்று உண்டு. சுருக்கமாக ஒரு வரி எழுதினால், மிச்ச வரிகளைப் புரோகிராமே எழுதிக்கொள்ளும். சியிலும் அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது, வெறும் வெட்டி ஒட்டும் வேலை. லிஸ்பில் இருப்பதை சி மொழிக்குள் கொண்டுவருகிறேன் பேர்வழி என்று மூன்று மாதம் உட்கார்ந்தேன். கூட வேலை பார்த்த காயல்பட்டினத்து சுலைமான் எட்டிப் பார்த்தான்.

"ஏலே, இது சியும் இல்ல, லிஸ்பும் இல்ல. நீ லீவு போட்டா இத எவம்லே படிப்பான்?"

இல்லாத வரியில் பிழை

அடுத்த தலைவலி பிழைச் செய்தி. நான் எழுதியது இருநூறு வரி. மேக்ரோ அதை விரித்த பிறகுதான் கம்ப்யூட்டர் படிக்கும். ஆகவே பிழை நாலாயிரத்துப் பன்னிரண்டாவது வரியில் என்று திரையில் வரும். முதலாளி அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் பிரிண்ட் அவுட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

"இருநூறு வரிக்குள்ள நாலாயிரமாவது வரி எங்கன வே இருக்கு?"

ஆறா, ஏழா?

முக்கூடலிலிருந்து ஒருவர் வந்தார். எங்களிடம் கணித்த மகள் ஜாதகத்தை ஆழ்வார்குறிச்சியில் மாப்பிள்ளை வீட்டில் கொடுத்திருக்கிறார். ஏழில் செவ்வாய், தோஷம் என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கையால் எழுதிய பழைய ஜாதகத்திலோ செவ்வாய் ஆறில், தோஷமே கிடையாது. மேக்ரோ விரித்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். 'அடுத்த வீட்டுக்குப் போ' என்று நான் கொடுத்த ஒரு கட்டளையை, மேக்ரோ விரிக்கும்போது இரண்டு இடத்தில் எழுதி வைத்திருந்தது. செவ்வாய் ஒரு வீடு கூடுதலாக நடந்துவிட்டது. லிஸ்ப் புத்தகத்தில் ஆரம்பத்திலேயே எச்சரித்திருக்கும் தவறு. நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனவன்.

அன்றே திருத்தி, புது ஜாதகத்தோடு ஆழ்வார்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். தப்பு என்னுடையது, பெண்ணை ஒதுக்கிவிடாதீர்கள் என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் அரை மணி நேரம் கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"போன வாரம் ஏழுன்னுது, இந்த வாரம் ஆறுங்குது. கல்யாணம் முடிஞ்ச பொறவு எட்டுன்னு சொல்லிச்சுன்னா எம் மவன் கதி என்ன தம்பி?"

அடுத்த தையில் அந்தப் பெண்ணுக்கு வேறு நல்ல இடம் அமைந்ததாம், பொருத்தம் பார்த்தது கையெழுத்து ஜாதகத்தை வைத்துத்தானாம்.