உப்பில்லாக் கஞ்சி

என் மகள் செல்விக்கு முத்தம் கொடுத்தால் உதடு கரிக்கும். வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் நெற்றியில் வெள்ளையாகப் பூத்திருக்கும். நாங்கள் புதுப்பட்டினத்தில் கரையோரம் இருக்கிறவர்கள். எனக்குக் கருவாடு போடுகிற வேலை. எங்களில் யாரை நக்கினாலும் கரிக்கத்தான் செய்யும்.

"கடலோரத்துல பொறந்தது, சக்கரையாவா இனிக்கும்?" என்பார் வீட்டுக்காரர்.

மூன்று வயதாகியும் எடை ஏறவில்லை. தின்றது எண்ணெய்ப் பிசுக்காக வெளியே போகும். சளி விடவேயில்லை. நாத்தனார் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒடம்புல உப்பு ஏறிக்கினு கீது அண்ணி. நிறுத்திப் பாரு."

எனக்கும் சரியென்று பட்டது. செல்விக்கு மட்டும் உப்பில்லாமல் கஞ்சி வைத்தேன். வாயை மூடிக்கொள்வாள். மூக்கைப் பிடித்து ஊற்றினேன். கருவாட்டுக்கு வைத்திருந்த கல்லுப்பை ஒளித்து வைத்துத் தின்றாள். கையிலேயே அடித்தேன்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் சுருண்டு விழுந்தாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். உப்பே சேர்ப்பதில்லை என்றேன், நல்லது செய்தவள் போல.

"உப்பு ஏறலம்மா. வெளிய போயிக்கிட்டே இருக்கு" என்றார்.

பிறகு வியர்வைச் சோதனை (வியர்வையில் எவ்வளவு உப்பு என்று பார்ப்பது) செய்தார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி கெட்டியாகி நுரையீரலையும் செரிமானத்தையும் கெடுக்கும் பிறவி நோய்) என்றார்கள். உடம்பில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மெல்லிய சவ்வு உண்டாம். அதில் புரதத்தால் ஆன வாசல்கள். உப்பு அந்த வழியாகத்தான் போய் வரும். செல்விக்கு அந்தப் புரதமே கோளாறு. வியர்வையில் வந்த உப்பு உள்ளே திரும்பவில்லை. நெஞ்சுச் சளி இளகவில்லை. கோளாறு எங்கள் இருவரிடமிருந்தும் வந்ததாம்.

வீட்டுக்காரர் ஒன்றுதான் கேட்டார். "தீருமா சார்?"

"தீராது. பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து கஞ்சியில் உப்பு, சாப்பாட்டோடு அது செரிக்க மாத்திரை. காலையும் மாலையும் மடியில் கவிழ்த்துப் போட்டு, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுவேன். சளி பெயர்ந்து வரும். ஐந்து வருஷம் தட்டினேன். எட்டு வயதில் போய்விட்டாள்.

பிள்ளை கரித்தால் கடல்காற்று என்று விட்டுவிடாதீர்கள். உப்பைத் தேடித் தின்றால் அடிக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். சொன்னால் பிழைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போதும் கருவாடுதான் போடுகிறேன். கடிகாரம் பார்ப்பதில்லை. மாலையில் அந்த நேரம் வந்தால் உள்ளங்கை தானாகக் குழிந்துகொள்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிடுவேன். பிறகு அதே கையால் உப்பை அள்ளுவேன்.