கிள்ளான் தோட்டத்துக்கு அம்மை குத்தப் போனோம்

கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அம்மை கண்டிருப்பதாகப் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் சமூக சேவைச் சங்கத்துக்குச் சேதி வந்தது. அதற்கு அடுத்த தோட்டத்திலாவது எல்லாருக்கும் முன்கூட்டியே அம்மை குத்திவிடுவது என்று முடிவாயிற்று. இடம் குறித்தது நான். "மாரியம்மன் கோயில் மண்டபம், சமூகம் முழுக்கக் கூடும் இடம்" என்று நோட்டீஸே அடித்துவிட்டேன். அம்மைக்கு அம்மன் சன்னிதியை விட்டால் வேறு இடம் ஏது என்று பெருமை வேறு!

ஞாயிறு காலை ஏழு மணி ரயிலில் நானும் ஊசி மருந்து வேலை பார்க்கும் டிரஸர் அந்தோணியும் ஏறினோம். மூன்றாம் வகுப்பில் வெறும் பலகைதான், விரிப்பு கொண்டுபோங்கள். கிள்ளானிலிருந்து ஐந்து மைல் மாட்டு வண்டி. ஒரு வெள்ளி கேட்பார்கள், அறுபது காசுக்கு வருவார்கள். செம்மண் ரோட்டில் இடுப்பு கழன்றுவிடும்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். தோட்டத்து ஆட்களுக்கு மேலாளான கங்காணி இளநீர் வெட்டிக் கொடுத்து, "நம்ம ஜனங்க எல்லாம் வந்துட்டாங்கய்யா" என்றார். மதியத்துக்குள் வேலை முடிந்தது. பெட்டியை மூடப்போன அந்தோணி, கோயில் வேலிக்கு வெளியே கைக்குழந்தையோடு வெயிலில் நின்ற பெண்ணைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர்.

"ஏம்மா, உள்ள வரலையா?"

"நாங்க கோயிலுக்குள்ள வரப்படாதுங்க சாமி. காலையிலேருந்து நிக்கிறோம். புள்ளைக்கு மட்டுமாவது குத்திவிடுங்க."

கங்காணியிடம் திரும்பினேன். "அவுங்க கடைசி லயத்து வீடுங்கள்ல தனியா இருக்கிற ஆளுங்கய்யா. நீங்கதானே கோயில்னு எழுதினீங்க?" என்றார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. மேடைக்கு மேடை சமூகம் சமூகம் என்று முழங்குகிறவன் நான்.

"கை இருக்கிறவன் எல்லாம் எனக்கு ஒரே ஜனம்தான். மருந்து இருக்கு, இடத்தைச் சொல்லுங்க" என்றார் அந்தோணி.

தினமும் விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லா லயத்தாரும் ஒன்றாகத்தானே நிற்கிறார்கள்? தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குத் தெரிந்த இடம் எனக்குத் தோன்றவில்லையே, சே! மேசையை அங்கே தூக்கிப்போனோம்.

இதே வேலையாகப் போகிறவர்கள் பெரட்டுக்களத்திலேயே மேசையைப் போடுங்கள். நாலரை மணி ரயிலுக்கு மூன்றுக்கே கிளம்புங்கள். ஆனால் இடத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஏனென்றால் அந்தப் பெண் பிள்ளையை மேசைமேல் கிடத்திவிட்டு, பின்னோக்கியே நடந்து தூரப்போய் நின்றுகொண்டாள். பிள்ளை வீறிட்டது. நான் அதன் தோளைப் பிடித்துக்கொண்டு, "வந்து பிடிச்சுக்கம்மா" என்றேன்.

"நீங்க பிடிச்சிருக்கிறப்ப நான் கிட்ட வரலாமா சாமி?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், "வாம்மா" என்றேன். வந்தாள். என் கை படாத இடமாகப் பார்த்து, பிள்ளையின் காலை மட்டும் பிடித்துக்கொண்டாள்.