நாலு சீப்பு நாவல்

அந்த யோசனை எனக்கு வாழைத்தோட்டத்தில் வந்தது. ஓகஸ்ட் விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூட இன்னும் சில நாட்களே இருந்தன. அண்ணை ஒரு கதலிக் குலையைக் கவிழ்த்துப் பிடித்து, தண்டோடு ஒட்டக் கத்தியை ஓட்டி, சீப்புச் சீப்பாகக் கழற்றிச் சருகின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். நீர்வேலியில் பிறந்த எனக்கு அது புதுக் காட்சியில்லை. ஆனாலும் அன்று கண்ணை எடுக்க முடியவில்லை.

"என்னடி, வாழைப்பழம் காணாத ஆள் மாதிரி நிக்கிறாய்?"

"ஏன் அண்ணை வெட்டுறியள்? குலையாய்க் குடுத்தால் என்ன?"

"நாலு வீட்டுக்கு ஒரு குலை. முழுசாய் ஒரு வீட்டிலை குடுத்தால், மற்ற மூண்டு வீட்டுச் சனமும் படலையிலை நிண்டு வாய் பாக்கிறதோ? உது தெரியாமல்தான் நீ ஏ.எல். படிக்கிறாய்."

உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆங்கில மிஸ் வீட்டுக்கு விட்டேன்.

அந்தக் கிழமை முழுவதும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த கணக்கு இதுதான். உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் நாங்கள் நாலு பேர். "நாலு பேருக்கு ஒரு ரீச்சரோ?" என்று அதிபர் தவணைக்குத் தவணை கேட்பார். இந்த முறை அவர் கேட்டபோது மிஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. விடுமுறையில் நாலு பேரும் பாடநூல் நாவலை வாசித்து முடிப்பார்கள், தவணை தொடங்கியதும் பரீட்சை வைப்பேன், ஒருவர் தவறினாலும் வகுப்பை மூடுங்கோ என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வந்து எங்களிடம் சொன்னார். எங்களிடம் முதலில் கேட்டிருக்கலாம்!

சண்டையால் கொழும்பிலிருந்து புத்தகப் பார்சல் வராமல் எத்தனையோ மாதம். நாவலில் இருந்தது ஒரேயொரு பிரதி, மிஸ்ஸின் சொந்தப் பிரதி. தலையணை போலத் தடிப்பு. ஒருவர் முடித்து அடுத்தவருக்குக் கொடுத்தால் நாலாவது ஆளின் கைக்கு வரும்போது விடுமுறை முடிந்திருக்கும்.

எனக்கோ அந்த வகுப்பு வேண்டும். மற்றப் பாடங்களில் நோட்ஸ் சொல்வார்கள், எழுதுவோம், அவ்வளவுதான். மிஸ்ஸின் வகுப்பில் மட்டுந்தான் ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து, "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்பார். நான் என்ன நினைக்கிறேன் என்று அதுவரை எந்தப் பாடமும் என்னைக் கேட்டதில்லை. கேட்டுப் பழக்கிவிட்டு வகுப்பை மூடினால் நினைத்ததையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

மிஸ் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த சேலையைக் கொடியிலேயே விட்டுவிட்டார்.

"புத்தகத்தை வெட்டுறதோ? உமக்கென்ன விசரோ?"

"நாலாய் மட்டும், மிஸ். ஆளுக்கொரு சீப்பு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மாத்துவம். எல்லாரும் ஒரே நேரத்திலை வாசிக்கலாம்."

"நான் கம்பஸிலை படிக்கேக்கை வாங்கின புத்தகம் அது."

"தெரியும் மிஸ்."

"தெரிஞ்சு கொண்டோ வந்து கேக்கிறீர்?"

விறுவிறென்று உள்ளே போய்விட்டார். சரி, கதை முடிந்தது, நழுவுவோம் என்று நான் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினேன். மிஸ் புத்தகத்தோடும் சவர பிளேட் ஒன்றோடும் வெளியே வந்தார்.

"உம்மட்டை விட்டால் கோணலாய் வெட்டுவீர். பிடியும் இந்தப் பக்கம்."

தையல் தெரியும் இடம் பார்த்து அவரே வெட்டினார். நாலு துண்டுக்கும் பழைய கலண்டர் தாளில் மட்டை போட்டு, ஊசிநூலால் தைத்தும் தந்தார். கடைசித் துண்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "ஒரு பக்கம் குறைஞ்சாலும் நீர்வேலிக்கு வந்து உம்மடை வாழையெல்லாம் வெட்டுவன்" என்றார்.

மிஸ் எங்களை ஊர்ப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் நீர்வேலி. மற்ற மூவரும் சாவகச்சேரி, கொடிகாமம், குருநகர். கடைசி நாள் வகுப்பில் சீப்புகளைப் பிரித்தோம். முதலாவது எனக்கு. இரண்டாவது சாவகச்சேரிக்கு, அவளுடைய அப்பா நீதிமன்றத்தில் கிளார்க் என்பதால் அவளும் எதற்கெடுத்தாலும் சாட்சி, வழக்கு என்றுதான் கதைப்பாள். மூன்றாவது குருநகருக்கு. எங்களில் குறைவாகப் பேசி வேகமாக வாசிப்பவள் அவள்தான்; பெரியப்பாமார் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். நாலாவது கொடிகாமத்துப் பெடியனுக்கு. அவனுடைய அப்பாவுக்கு அந்த ஊர்ச் சந்தையில் மரக்கறிக் கடை.

"கடைசிச் சீப்பை முதல் திண்டால் எனக்கு வயித்துக்குத்து வரும், மிஸ்" என்றான்.

"வந்தால் ஓமவோட்டரைக் குடியும்" என்றார் மிஸ்.

முதல் சனிக்கிழமை அண்ணையின் வாழைக்குலை லொறியில் ஏறிச் சாவகச்சேரிச் சந்தையில் இறங்கி, அந்த ஊர்க்காரியின் வீட்டுக்குப் போனேன்; நாலு பேரும் அங்கே கூடுவதாக ஏற்பாடு. நான் வாசித்த பகுதியில் ஒரு கடலோர ஊர், ஒரு வீடு, அக்கா ஒருத்தி, தம்பி ஒருவன். தம்பி கப்பலில் வேலைக்குப் போகிறான். அக்கா ஒவ்வொரு பின்னேரமும் யன்னலில் விளக்கு வைக்கிறாள். எனக்கு அவள்மேல் உயிர். கொடிகாமமோ வாசலில் சைக்கிளைச் சாத்த முதலே தொடங்கிவிட்டான்.

"உவள் சரியான நெஞ்சழுத்தக்காரி!"

"ஆர்?"

"உங்கடை அக்காதான். தம்பிக்காரன் எத்தினையோ வருசத்துக்குப் பிறகு வாறான். வந்து பாத்தால் வீட்டிலை வேறை சனம். இவள் தம்பிக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் வீட்டை வித்துப்போட்டுப் போட்டாள். அவன் றோட்டிலை நிண்டு யன்னலைப் பாக்கிறான். நான் அழுது போட்டன், சொன்னால் வெக்கம்."

"அவ அப்பிடி விக்க மாட்டா" என்றேன்.

"வித்துப்போட்டாள் எண்டுறன்! என்ரை சீப்பிலை கிடக்கு."

"கடைசிச் சாட்சியை மட்டும் விசாரிச்சுப்போட்டு இவர் தீர்ப்பு எழுதுறார்" என்றாள் சாவகச்சேரி. "என்ரை பாகத்திலை தம்பியிட்டையிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவ ஊர்ப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சுக்கொண்டு பாவமாய் இருக்கிறா. ஏன் வித்தவ எண்டது மூண்டாவதிலைதான் இருக்க வேணும். குருநகர் வரட்டும்."

குருநகர் வரவில்லை. பின்னேரம் வரை பார்த்தோம். எங்களிடம் இருந்த மூன்று சீப்புகளையும் மாற்றிக்கொண்டு எழும்பினோம். லொறியில் திரும்பும்போதுதான் அண்ணை சொன்னார். கோட்டை ஆமி முகாம் பக்கமிருந்து ஷெல் வந்து விழுந்ததாம். குருநகரிலிருந்து சனம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டுவிட்டதாம். எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளிலும் மூன்று சீப்புகள்தான் கைமாறின. அந்த வீட்டில் கூடினால் நாவலைப் பற்றிக் கொஞ்சமும் அவளைப் பற்றி மிச்சமுமாகக் கதைப்போம். சாவகச்சேரி தன் ஊர்ப் பாடசாலைகளில் இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்தவர்களிடமெல்லாம் போய் விசாரித்தாள். கொடிகாமம் அக்காவைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டான். திட்டினால் மறுத்துக் கதைக்க மூன்றாவது சீப்புக்காரி இல்லையே.

விடுமுறையின் கடைசிக் கிழமையில் அவன் சைக்கிளில் நீர்வேலிக்கே வந்துவிட்டான். வாசல் படலையில் நின்றபடியே கத்தினான்: "எங்கடை கடையடியிலை ஆளைக் கண்டனான்! தாயோடை மரக்கறி வாங்க வந்தவ. கொடிகாமத்திலை சொந்தக்காரர் வீட்டிலையாம். நாளைக்குச் சந்தைக்கு வரச் சொன்னனான்."

மறுநாள் சந்தையில் அவளைக் கண்டதும் சாவகச்சேரி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். குருநகர் சிரித்தாள், ஆனால் எங்கள் கைகளில் இருந்த சீப்புகளைப் பார்க்கவில்லை. காலில் தாயின் செருப்பு, அளவு பெரிசு.

"மிஸ்ஸின்ரை புத்தகம் வீட்டிலை விடுபட்டுட்டுது" என்றாள். "மேசையிலை, கும்பிடுற மாதா சுருவத்துக்குப் பக்கத்திலை வைச்சனான். வெளிக்கிடேக்கை அம்மா தம்பியைத் தூக்கச் சொன்னா. தூக்கினன்."

எனக்கு மிஸ் நூலைப் பல்லால் கடித்தது நினைவுக்கு வந்தது. பரீட்சைக்கு இன்னும் நாலைந்து நாள்தான்.

கொடிகாமம்தான் முதலில் வாய் திறந்தான். "வாசிச்சு முடிச்சனீரோ?"

"ரெண்டு தரம்."

"அப்ப சொல்லும்." கத்தரிக்காய்ச் சாக்கு ஒன்றை அவள் இருக்கத் தோதாகத் தள்ளிவிட்டான். "ஒண்டும் விடாமல் சொல்லும்."

அவ்வளவு நேரம் அவள் கதைத்து நான் கேட்டதேயில்லை. கடைக்கு முன்னால் சனம் போனது, வந்தது, புடலங்காய்க்கு விலை கேட்டது, கொடிகாமம் எழும்பி நிறுத்துக் கொடுத்துவிட்டு, "ம், பேந்து?" என்று திரும்ப வந்து இருந்தான். அவள் வாயில் அந்த ஆங்கில ஊர் அப்படியே எங்கடை கரையாகிவிட்டது. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தால் அக்கா யன்னலைச் சாத்துவாள் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஏன் வித்தவள்?" என்று அவன் பொறுக்கமாட்டாமல் கேட்டான்.

"ஒரு நாள் விடியப்புறம் விளக்கை அணைக்கப் போறா. அப்பத்தான் அவவுக்கு விளங்குது. அந்த வீட்டிலை இருக்கும் வரைக்கும் காத்துக்கொண்டு இருக்கிறதைத் தவிர வேறை சீவியமில்லை எண்டு. தம்பியிலை கோவமில்லை. களைச்சுப் போனா. அதுதான்."

"அதுக்காக?"

"கேளுமன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கதவைப் பூட்டி, படலை வரைக்கும் வந்திட்டா. வந்தவ திரும்பி ஓடுறா. நாய்க்குத் தண்ணி வைக்க மறந்துபோனா. சட்டியிலை தண்ணி வாத்து, வெய்யில் படாத பக்கமாய்த் தள்ளி வைச்சுப்போட்டு, திரும்பிப் பாக்காமல் போறா."

கொடிகாமம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்தான். "அந்த அவதியிலையும் நாய்க்குத் தண்ணி வைச்சவவோ?" என்றான். அதற்குப் பிறகு அவன் அக்காவை 'அவள்' என்று சொல்லவில்லை.

பரீட்சையில் நான் எதிர்பார்த்த கேள்விதான் வந்தது: அக்கா வீட்டை விற்றது சரியா? நாலு பேரும் மேலதிகத் தாள் வாங்கி எழுதினோம். இரண்டு நாள் கழித்து மிஸ் விடைத்தாள்களோடு வந்து மேசையில் போட்டார்.

"கதை நல்லாய் விளங்கியிருக்கு. நான் எதிர்பாக்கேல்லை. ஆனால் ஒரு சங்கதி. நாலு பேரும் ஒரு நாயைக் கொண்டு வந்திருக்கிறியள். ஆரின்ரை நாய் உது?"

"அக்கான்ரை நாய், மிஸ். தண்ணி வைச்சிட்டுப் போவா" என்றான் கொடிகாமம்.

"எந்தப் பக்கத்திலை? எனக்கு அந்தப் புத்தகம் பாடம். அதிலை ஒரு பூனை கூட இல்லை. நாலு பேரும் பாத்து எழுதினதெண்டால் நேரை சொல்லுங்கோ."

எங்கள் மூவரின் தலையும் குருநகரின் பக்கம் திரும்பியது. அவள் தன் விடைத்தாளை எடுத்து, தான் எழுதிய அந்த வரியை விரலால் தேடிக் கண்டுபிடித்தாள். யாரோ எழுதியதை வாசிப்பவள்போல வாசித்தாள்.

"எங்கடை நாய், மிஸ்."

"என்ன?"

"எங்கடை வீட்டு நாய். சொல்லேக்கை எனக்குத் தெரியேல்லை. எழுதேக்கையும் தெரியேல்லை. கதையிலை இருந்த மாதிரித்தான் இருந்தது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஷெல், மேசை, சுருவம், மூன்றாம் பாகம். கூரை இல்லையாம். மாமா போய்ப் பார்த்தபோது மேசையிருந்த இடத்தில் ஓடும் கல்லும்தான் கிடந்ததாம். நாய் மட்டும் கோயில் வளவில் நிற்கிறதாம், அங்கே இருக்கிற சனம் சோறு போடுகிறதாம்.

"தண்ணி ஆர் வைச்சது?" என்று மிஸ் கேட்டார்.

"நான்தான். தம்பியை அம்மாட்டைக் குடுத்துப்போட்டுத் திரும்பி ஓடினனான்."

"ஓடிப்போய், என்ரை புத்தகத்தை விட்டுட்டு நாய்க்குத் தண்ணி வைச்சனீர்."

"ஓம் மிஸ்."

மிஸ் மேசையில் கிடந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினார். "நல்லது" என்றார் கடைசியில். பிறகு வழமையான குரலுக்கு வந்துவிட்டார். "நாலு பேரும் பாஸ். அதிபரிட்டைத் தாளோடை போறன். ஆனால் நாய்க்கு ஆளுக்கு ரெண்டு புள்ளி குறைச்சிருக்கு. புத்தகத்திலை இல்லாததை இருக்கெண்டு எழுதினால் குறைக்கத்தான் வேணும்."

"மிஸ், நாய் இல்லாட்டி நான் அவவை மன்னிச்சே இருக்க மாட்டன்" என்றான் கொடிகாமம்.

"அப்பிடியோ? அதுக்கு உமக்கு ஒரு புள்ளி திருப்பித் தாறன்."

"அப்ப எங்களுக்கு?" என்று சாவகச்சேரி எழும்பினாள். "ஒரே குற்றம், ஒரே தண்டனையெல்லோ, மிஸ்?"

வகுப்பு தப்பிவிட்டது. அந்தச் சந்தோசத்தில் மிஸ் மிச்ச மூன்று துண்டுகளையும் சேர்த்துப் பிடித்தபோது நடுவில் இருந்த இடைவெளியை நான் பார்த்தேன். "இனி வாற பிள்ளையளுக்கு இதை என்னெண்டு குடுக்கிறது?" என்று அவர் தனக்குத்தானே சொன்னார். என் வாய் என்னைக் கேட்டா திறக்கிறது?

"நாங்கள் எழுதித் தாறம் மிஸ். மூண்டாம் பாகத்தை. இங்கிலிஸிலை."

எனக்குப் பின்னால் வாங்கில் இருந்த கொடிகாமம் என் கதிரையை உதைத்தான். குருநகர் சிரித்தாள். மிஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "டிசெம்பர் விடுமுறைக்கு அதுதான் வேலை" என்று சொல்லிப் போய்விட்டார்.

ஆகவே இப்போது ஒழுங்கு இப்படி. குருநகர் சொல்லுவாள், நாங்கள் மூவரும் எழுதுவோம், மிஸ் தனக்குப் பாடமான இடங்களைத் திருத்துவார். நாயை வைப்பதா விடுவதா என்று இன்னும் தீரவில்லை. வழக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்கிறாள் சாவகச்சேரி. வைத்தே ஆகவேண்டும் என்கிறான் கொடிகாமம். "வைச்சால் அதுக்கு இங்கிலிஸிலை ஒரு பேர் வேணும், அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்கடை நாய் வராது" என்கிறாள் குருநகர். அக்கா படலையிலிருந்து திரும்புகிற அந்த இடம் என் பங்கு. சனிக்கிழமை கொடிகாமச் சந்தையில் கூடுகிறோம். அதற்கு முன் அந்தப் பந்தியை நாயோடு ஒரு தடவை, நாயில்லாமல் ஒரு தடவை எழுதி, இரண்டையும் கொண்டுபோய் குருநகருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.